நீ மூடிய கடை

அக்கா,

நேற்று சாயங்காலம் நம் ஷூ கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியபோது நம் நிறுத்தத்தில் கால்வாய்க்காகத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். மண்வெட்டி ஒவ்வொரு முறை இறங்கி ஏறும்போதும் பாட்டில் மூடிகள் கொத்துக்கொத்தாக வந்தன. துருப்பிடித்தவை, நசுங்கியவை, இன்னும் நிறம் போகாதவை. கூடவே கண்ணாடிச் சில்லு, கறுத்துப்போன பிளாஸ்டிக் டம்ளர். தோண்டியவர் ஒரு கை மூடியை அள்ளிக் கரையில் வீசிவிட்டுச் சலித்துக்கொண்டார். என்னோடு இறங்கிய பெண் நம் தையல் லைனில் புதிதாகச் சேர்ந்தவள். அவள் என் கையைப் பிடித்துக் கேட்டாள்.

"இன்னாக்கா இது, இவ்ளோ மூடி?"

"இங்க ஒயின்ஷாப் இருந்துச்சும்மா."

"இங்கயா? நம்ம ஸ்டாப்லயா?"

அவள் நம்பவில்லை. கடை இருந்த கட்டடத்தில் இப்போது செல்போன் ரிப்பேர் செய்கிறார்கள். அவள் தன் போனை அங்கேதான் கொடுத்து வாங்குகிறாள். "போங்கக்கா" என்று சிரித்துவிட்டு, காதில் பாட்டை மாட்டிக்கொண்டு நடுரோட்டில் கையை வீசி நடந்து போனாள். நான் அங்கேயே நின்றுவிட்டேன். மண்ணிலிருந்து வந்தது சாக்கடை நாற்றம்தான். எனக்கு மட்டும் அந்தப் பழைய புளித்த வாடை அடித்தது.

அந்த ரோட்டில் ஒரு பெண் கையை வீசி நடந்து போகிறாள், அங்கே ஒரு கடை இருந்தது என்பதே அவளுக்குத் தெரியவில்லை. இதை உன்னிடம் ஓடிவந்து சொல்லியிருப்பேன். நீ இல்லை. அதனால் எழுதுகிறேன். சொல்ல வேண்டியது இது மட்டுமாக இருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கடை இருந்த காலத்தை அவளுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? பஸ் படியிலிருந்து காலை இறக்கினால் கடை வாசல். ஷூ கம்பெனி பஸ்ஸும் அங்கேதான் நிற்கும், தோல் கம்பெனி வேனும் அங்கேதான் நிற்கும். ஆண்கள் இறங்கி நேராக உள்ளே போவார்கள். அவித்த முட்டை, வறுத்த குடல் விற்கிற வண்டிகளுக்கும் தரையில் விழுந்து கிடப்பவர்களுக்கும் நடுவே நாம் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வழி தேடிப் போவோம். சம்பள நாளில் அந்த வழியும் இருக்காது. நீ முன்னால் நடப்பாய். உன் முதுகைப் பார்த்துக்கொண்டே நாங்கள் வருவோம்.

என் வீட்டுக்காரர் சேகர் குடியைத் தேடிப் போகிற ஆள் இல்லை. ஆனால் கடை வாசலில் இறக்கிவிட்டால் வேண்டாம் என்று திரும்புகிற ஆளும் இல்லை. "கூட இருந்தவங்க கூப்ட்டாங்க" என்பார். வாரத்தில் பாதி நாள் கூப்பிட ஆள் இருந்தது. குடித்துவிட்டு வந்தால் அடிக்க மாட்டார், அழுவார். சேகர் அழுவதைக் கேட்டுக்கொண்டு பிள்ளைகள் பாடம் படிக்கும்.

உன் வீட்டுக்காரர் வேறு. தேவராஜ் அண்ணன் தோல் கம்பெனியில் பச்சைத் தோலைச் சுண்ணாம்பில் போட்டு எடுக்கிற வேலையில் இருந்தார். "குடிக்காம அந்த எடத்துல சோறு எறங்காதும்மா" என்று என்னிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறார். முதலில் நாற்றத்துக்காகக் குடித்தார். பிறகு வேலை இல்லாத நாளிலும் குடித்தார். பிறகு காலையில் கை நடுங்காமல் சட்டைப் பொத்தானைப் போடக் குடித்தார். நீ அவரைத் திட்டி நான் கேட்டதில்லை. கடையைத்தான் திட்டுவாய். "கண்ணு முன்னாடி இருக்குது, கால் போவுது. கண்ணுல படலன்னா ஏன் போவப் போவுது?" மதியச் சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறந்தபடியே இதைச் சொல்வாய். அதை வேதம் போல நம்பினாய்.

நம் தெரு பேபியின் புருஷன் கடைக்குப் பக்கத்துச் சாக்கடையில் குப்புறக் கிடந்து செத்துப்போன அன்றுதான் உனக்கு ஆவேசம் வந்தது. அந்த இடம் முழங்கால் ஆழம்கூட இல்லை. குடிக்கிறவர்கள் அவரைத் தாண்டித் தாண்டி உள்ளே போயிருக்கிறார்கள். அடக்கம் முடிந்து வந்த பெண்களை அப்படியே தெருவில் நிறுத்தி, "நாளைக்கு எவளும் வேலைக்குப் போவாதீங்க" என்றாய். அரை நாள் லீவு கேட்டாலே முறைக்கிற கம்பெனி அது. ஆனாலும் மறுநாள் காலையில் கடை திறக்கும் முன்பே ஷட்டரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தோம். உனக்கு ஒரு பக்கம் நான், மறு பக்கம் பேபி.

எதிர்ப்பக்கம் ஆண்கள் வந்து சேர்ந்தார்கள். கூட்டத்தில் தேவராஜ் அண்ணனும் இருந்தார். வெயில் ஏற ஏற அவருக்கு உடம்பு உதறத் தொடங்கியது. நடுவில் ஒரு ரோடு, அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நீ. "எழுந்து வூட்டுக்குப் போடி, மானத்த வாங்காத" என்று கத்தினார். நீ அவர் முகத்தைப் பார்க்கவில்லை. உன் கை மட்டும் என் கையைத் தேடிப் பிடித்தது. அந்தப் பிடி வலித்தது.

இன்ஸ்பெக்டர் வந்தார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "இங்க மூடினா இன்னொரு எடத்துக்குப் போவாங்கம்மா. குடிக்கிறவன் எங்க இருந்தாலும் தேடிப் போய்க் குடிப்பான். நீங்க ஏன் வெயில்ல கஷ்டப்படறீங்க?"

நீ சொன்ன பதில் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "போவட்டும் சார். நடந்து போவட்டும். நடக்கற தூரத்துல பாதிப் பேருக்கு ஆசை போய்டும்."

"மீதிப் பாதிக்கு?"

"அதுக்கு வேற வழி பாக்கலாம் சார். மொதல்ல இத மூடுங்க."

அந்த வேறு வழி என்ன என்று அவரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. உனக்கும் தெரிந்திருக்காது. பல நாள் உட்கார்ந்தோம். மனு கொடுத்தோம், மறியல் செய்தோம், வேனில் ஏற்றி மண்டபத்தில் அடைத்து வைத்தார்கள். கடைசியில் ஒரு நாள் லாரி வந்து பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போனது. கடை நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம், ரெண்டு ஊர் தள்ளிப் போனது. நீ கேசரி கிளறி லைன் முழுக்கக் கொடுத்தாய். சூப்பர்வைசருக்கும் கொடுத்தாய். அவர் அன்றைக்கு மட்டும் டார்கெட்டைப் பற்றிப் பேசவில்லை.

அக்கா, நீ சொன்னது பலித்தது. என் வீட்டில் பலித்தது. அடுத்த சம்பள நாளில் சேகர் விளக்கு வைக்கும் நேரத்துக்கே வீட்டுக்கு வந்துவிட்டார். கையில் பிள்ளைகளுக்குப் பஜ்ஜி. "இன்னா, சீக்கிரமே வந்துட்ட?" என்று கேட்டேன். "அவ்ளோ தூரம் எவன் போவான், பேஜாரு" என்று சொல்லிவிட்டுக் கால் கழுவப் போனார். அவ்வளவுதான். என் வாழ்க்கையில் நடந்த பெரிய மாற்றத்துக்குக் காரணம் ஒரு மனிதரின் சோம்பல். கூப்பிடுகிறவர்களும் கலைந்துபோனார்கள். எப்போதாவது கல்யாணம், காதுகுத்து என்றால் குடிப்பார். பிறகு அதுவும் குறைந்தது. நம் தெருவிலேயே இப்படிப் பல வீடு. பெரியவர்களானதும் அந்த வாசலில் நிற்கப் போகிறவர்கள் என்று நாம் பயந்த பையன்கள், நிற்க வாசல் இல்லாமல் கிரிக்கெட் விளையாடப் போனார்கள்.

திங்கள்கிழமை தோறும் மெஷினில் உட்காரும் முன் கேட்பாய். "சேகர் எப்படி?" "பரவால்லக்கா" என்பேன். உன் முகம் விரியும். அந்த மகிழ்ச்சியில் பொய் கிடையாது. உன் வீட்டைப் பற்றி நான் திருப்பிக் கேட்டால், தைக்கிற தோலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தபடி, "வழி தூரமாயிடுச்சு இல்ல, வர லேட்டாவுது" என்பாய்.

தேவராஜ் அண்ணன் நடந்தார். நீ இன்ஸ்பெக்டரிடம் சொன்ன அந்தத் தூரத்தை அவர் தினமும் நடந்தார். ஆசையாக இருந்தால்தானே நடக்கிற வழியில் போகும்? அவருக்கு இருந்தது ஆசை இல்லை என்பது அப்போது நமக்குத் தெரியாது. லாரிகள் பறக்கிற நெடுஞ்சாலையைப் போகும்போது நடுக்கத்தோடு தாண்டுவார், வரும்போது தள்ளாடித் தாண்டுவார். சாயங்காலமானால் நீ ரோட்டோரம் போய் நின்று எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருப்பாய். லாரி ஹாரன் நீளமாக அடித்தால் ரோட்டில் இறங்கிப் பார்ப்பாய். கடை பக்கத்தில் இருந்தபோது கீழே விழுந்தாலும் தூக்கிவர முடிந்தது என்று நீ ஒருமுறை சொன்னாய். சொன்ன வேகத்திலேயே வாயைப் பொத்திக்கொண்டாய்.

பிறகு நம் தெருவிலேயே பாட்டில் கிடைக்க ஆரம்பித்தது. காலையிலேயே கிடைக்கும், கூடுதல் விலைக்கு. யார் விற்கிறார்கள் என்று தெரிந்ததும் நீ என்னை அழைத்துக்கொண்டு போனாய். பேபி வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தாள். உன்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"நீயாடி?" என்று கேட்டாய். "உன் புருஷன் செத்த எடத்துல உக்காந்தமே, நீயாடி?"

"உக்காந்தேன் அக்கா. கடைய மூடிட்டீங்க. என் புருஷன் திரும்பி வந்தானா? வூட்டு வாடகைய நீ குடுக்கறியா? கம்பெனில கேட்டேன், வயசு ஜாஸ்தின்னு சொல்லிட்டாங்க. நான் விக்கலன்னா பக்கத்து வூட்டுக்காரி விப்பா."

நீ அவளை அடிப்பாய் என்று நினைத்தேன். நீ திரும்பி நடந்தாய். பாதி வழியில், "ஷட்டருதான் மூடிச்சு கலா" என்றாய்.

அப்போதும் நீ விடவில்லை. ஊரில் ஒரு கடையை மூடிப் பயனில்லை என்றால் வீட்டையே மூடிப் பார்ப்பது என்று முடிவெடுத்தாய். கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, தேவராஜ் அண்ணனை உள்ளே வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாய். முதல் நாள் கெஞ்சினார். அடுத்த நாள் வியர்த்துக் கொட்டியது, வாந்தி எடுத்தார், சுவரில் பூச்சி ஊர்கிறது என்று துடைப்பத்தால் அடித்தார். பிறகு வலிப்பு வந்தது. நாக்கைக் கடித்து வாயெல்லாம் ரத்தம். ஆட்டோ வைத்துப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாய். குளுக்கோஸ் ஏற்றி, சத்து ஊசி போட்டு, "குடிக்கக் கூடாதுன்னு சொல்லும்மா" என்று அனுப்பிவிட்டார்கள். அவரிடம் சொல்லாமலா இருந்தாய் நீ?

வீட்டுக்கு வந்தும் நடுக்கம் நிற்கவில்லை. அன்றைக்கு நான் குழாயடியில் இருந்தேன். நீ தெருவில் தலை குனிந்து வருவதைப் பார்த்தேன். பேபி வீட்டு வாசலில் நின்றாய். அவள் உள்ளே போய் எதையோ எடுத்து வந்து உன் கையில் வைத்தாள். நீ அதை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாய். பின்னாலேயே நான் உன் வீட்டுக்கு ஓடிவந்தேன். எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, அவர் தலையை மடியில் வைத்து, குழந்தைக்குப் பால் புகட்டுவது போல அவர் வாயில் ஊற்றிக்கொண்டிருந்தாய். அவர் உடம்பு மெல்ல அடங்கியது. உன் உடம்பு நடுங்கிக்கொண்டே இருந்தது.

"செத்துடுவாரு போல இருந்துச்சு கலா" என்றாய். "எனக்கு வேற ஒண்ணும் தெர்ல."

அன்று முதல் நீயே போய் வாங்கி வந்தாய். அவர் ரோட்டைத் தாண்டக் கூடாது என்பதற்காக, காலையில் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம், நீயே அளந்து ஊற்றினாய். தெரு சும்மா இருக்குமா? "கடைய மூடுன தலைவி குவாட்டர் வாங்கப் போவுது பாரு" என்று உன் காதுபடவே சொன்னார்கள். யார் வீட்டு ஆண்கள் உன்னால் நேரத்துக்கு வீடு திரும்பினார்களோ, அந்த வீட்டுப் பெண்களும் சிரித்தார்கள். சர்ச்சில் பெண்கள் கூட்டத்துக்குப் போவதை நிறுத்தினாய். போதகர் வந்து ஜெபம் செய்துவிட்டு, "விசுவாசத்துல எங்கியோ குறை இருக்குது" என்றாராம். நீ அதை என்னிடம் சொன்னபோது உன் குரலில் கோபம்கூட இல்லை. எனக்கு இன்னும் இருக்கிறது.

சுமார் ஒரு வருஷம் அப்படி ஓடியது. கம்பெனியில் ஒரு காலை, மெஷினில் குனிந்திருந்த நீ அப்படியே பக்கவாட்டில் சரிந்தாய். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. ரத்தக் கொதிப்பு மாத்திரையை நீ எப்போது நிறுத்தினாய் என்று எனக்குத் தெரியாது. கம்பெனி வண்டியில் வேலூருக்குக் கொண்டுபோனோம். போகும் வழியில் என்னைப் பார்த்து ஏதோ சொல்லப் பார்த்தாய். அது சேகரைப் பற்றியா, அண்ணனைப் பற்றியா, சாதாரணமாகத் தண்ணீர் கேட்டாயா, எனக்குப் புரியவில்லை. மறுநாள் நீ இல்லை.

உன் அடக்கத்தன்று நடந்ததை நீ கேட்க வேண்டும். குழி வெட்ட வந்தவர்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார்கள். "சரக்கு வரட்டும், அது இல்லாம எப்பிடி வெட்டறது?" வழக்கமாக நடப்பதுதான். யாரோ பேபி வீட்டுக்கு ஆள் அனுப்பியும்விட்டார்கள். பேபி உன் தலைமாட்டில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். அந்த அழுகையும் நிஜம்தான், அவள் வீட்டிலிருந்து பாட்டில் வந்ததும் நிஜம்தான். நான் கல்லறைத் தோட்டத்தில் நின்று கத்தினேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. "இவங்க குழியில ஒருத்தனும் குடிச்சிட்டு நிக்கக் கூடாது!" எல்லாரும் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். சேகர்தான் வந்தார். சட்டையைக் கழற்றிக் கிளையில் மாட்டிவிட்டு, "நீங்க போங்க, நான் வெட்டறேன்" என்று கடப்பாரையை எடுத்தார். கம்பெனி ஆட்கள் சிலர் சேர்ந்துகொண்டார்கள். கை கொப்பளிக்க வெட்டினார்கள்.

உனக்குப் பிறகு தேவராஜ் அண்ணனுக்கு அளந்து ஊற்ற ஆள் இல்லை. மறுநாளே வலிப்பு. உன் மகளிடம் சேகர் பேசினார். அவள் அடக்கம் முடிந்ததும் பெங்களூருக்கு வேலைக்குத் திரும்பிப் போயிருந்தாள். "வுட்டுடுங்க மாமா. எங்கம்மாவ கொன்னாரு இல்ல, போவட்டும்" என்று போனை வைத்துவிட்டாள். அவள் சொன்னதில் எனக்குத் தப்பு தெரியவில்லை. நானும் விட்டிருப்பேன். சேகர் விடவில்லை. "அந்தக் கடை அங்கியே இருந்திருந்தா அவரு எடத்துல நான் கெடந்திருப்பேன் கலா. வண்டி புடி" என்றார்.

வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் குடிநோய்க்கென்றே ஒரு வார்டு இருந்தது. இருந்திருக்கிறது, அக்கா. நாம் ஷட்டரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த காலத்திலும் இருந்திருக்கிறது. பஸ் ஏறினால் போய்விடுகிற தூரம். அந்த டாக்டரம்மா என் வயதுதான். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். நீ பூட்டி வைத்ததைச் சொன்னேன், டம்ளரில் ஊற்றியதைச் சொன்னேன்.

"திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்தும்மா. அந்த நேரத்துக்கு அவங்க செஞ்சது அவர் உயிரக் காப்பாத்தியிருக்கும். ஆனா அப்பவே இங்க கூட்டிட்டு வந்திருக்கணும். மாத்திரை குடுத்துப் படிப்படியா நிறுத்தலாம். யாரும் சொல்லலையா?"

யார் சொல்வார்கள்? நாம் எத்தனை பேரைப் பார்த்தோம். போலீஸ், தாசில்தார், கட்சிக்காரர்கள், போதகர், பக்கத்து ஆஸ்பத்திரி. கடையை மூடினால் நல்லது என்று பாதிப் பேர் சொன்னார்கள், மூடினாலும் பயனில்லை என்று மீதிப் பேர் சொன்னார்கள். மேடை போட்டுக்கூட விவாதம் செய்தார்கள். இது ஒரு நோய், இன்ன இடத்தில் மருந்து இருக்கிறது, கூட்டிக்கொண்டு போ என்று உன்னிடம் சொல்ல ஒரு வாய் இல்லை.

வார்டில் முதல் சில நாள் அவருக்கு நினைவு தப்பியது. கட்டிலோடு கட்டி வைத்திருந்தார்கள். நர்ஸிடம் ஓயாமல் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார். "என் பொண்டாட்டி ரோட்ல உக்காந்திருக்கா, வெயில் ஏறுது. யாராவது அவளுக்குத் தண்ணி குடுங்க." நான் வராந்தாவுக்கு ஓடிவிட்டேன். அன்றைக்கு ரோட்டின் அந்தப் பக்கம் நின்று அவர் உன்னைத் திட்டியதை மட்டும்தான் நாம் கேட்டோம்.

தேறிவிட்டார், அக்கா. ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. தோல் கம்பெனிக்குப் போவதில்லை. ஒரு கிடங்கில் வாட்ச்மேன் வேலை. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறார், குடியை விட்டவர்கள் கூடுகிற கூட்டத்துக்கு வாரம் தவறாமல் போகிறார். கன்னத்தில் சதை வைத்திருக்கிறது. சட்டைப் பொத்தானைத் தானே போடுகிறார்.

போன மாதம் சர்ச்சில் அவரைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். மைக்கைப் பிடித்த கை கொஞ்சமும் ஆடவில்லை. கர்த்தர் என்னைக் கைதூக்கி எடுத்தார் என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். போதகர் கட்டிப் பிடித்துக்கொண்டார். உன்னைப் பார்த்துச் சிரித்த பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். உன் பெயர் ஒரு தடவைகூட வரவில்லை. என் கை மடியிலேயே கிடந்தது. நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

பின்னாலேயே வந்தார். "இன்னாம்மா, பேசாம வந்துட்ட?"

"அக்கா பேர சொல்லவே இல்லியே அண்ணா."

குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டார். "சொன்னா நின்னு பேச முடியாதும்மா." பிறகு சொன்னார். "ஆஸ்பத்திரிலருந்து வந்த அன்னிக்கு பஸ்ஸ வுட்டு எறங்குனேன். அந்தக் கடை அங்க இருந்திருந்தா அப்பியே உள்ள போயிருப்பேன். சத்தியமா சொல்றேன். போன் கடை இருந்துச்சு. நின்னு பாத்துட்டு வூட்டுக்கு வந்துட்டேன். அவ மூடுன கடை எனக்கு இப்பதான் மூடுச்சு."

இன்ஸ்பெக்டர் கேட்ட கேள்விக்கு அதுதான் பதிலாக இருக்கும். அந்த மீதிப் பாதிக்கு மருந்தும் வேண்டும், மூடிய கடையும் வேண்டும். மூடிய கடையை நீ முன்னால் நின்று வாங்கிக் கொடுத்தாய். இன்னொன்றை யாரும் உனக்குக் காட்டவில்லை.

இப்போது நம் ரோட்டின் இன்னொரு முனையில் புதிதாகக் கடை வரப் போகிறது என்று பேச்சு. பெண்கள் என்னிடம் வந்தார்கள். மனுவோடு கலெக்டர் ஆபீசுக்குப் போனோம். கடை வரக் கூடாது என்று சொன்னதோடு நிறுத்தாமல், எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் குடியை நிறுத்த ஒரு வார்டு வேண்டும், ஒரு டாக்டர் வேண்டும் என்றும் கேட்டேன். மனுவை வாங்கிய அதிகாரி நிமிர்ந்து பார்த்தார்.

"அது வேற டிபார்ட்மென்ட்மா."

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. கோபத்தில் வந்த சிரிப்பு. ஷட்டரில் சாய்ந்தவளும் நீதான், டம்ளரில் ஊற்றியவளும் நீதான். உனக்கு எங்கே வேறு டிபார்ட்மென்ட் இருந்தது? பெயரை எழுதிக்கொண்டு அடுத்த வாரம் வரச் சொன்னார். போகத்தான் போகிறேன். நீ கற்றுக்கொடுத்த பிடிவாதம் அது. உன் நம்பிக்கை மட்டும் எனக்கு இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் தேவராஜ் அண்ணன் எங்கள் வீட்டில்தான் சாப்பிடுகிறார். சேகர் விடாப்பிடியாகக் கூப்பிட்டு வருகிறார். மகள் இன்னும் அவரோடு பேசுவதில்லை. அவர் தேறியதற்காக நான் சந்தோஷப்பட வேண்டும். முடியவில்லை. உன்னை மண்ணில் வைத்துவிட்டு இவர் நன்றாக ஆனது எனக்குப் பொறுக்கவில்லை. அவர் கெட்டவராகவே இருந்து செத்திருந்தால் வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். இது தப்பு என்று தெரிகிறது. தெரிந்தும் போகவில்லை.

போன ஞாயிறு கறிக்குழம்பு. அவருக்கு இப்போது நன்றாகப் பசிக்கிறது. இரண்டாம் தடவை சோறு கேட்டார். மூன்றாம் தடவை கேட்கக் கூச்சப்பட்டுத் தட்டை லேசாக நகர்த்தினார். நான் அள்ளி வைத்தேன். பிசைந்து ஒரு வாய் வைத்துக்கொண்டு, தலையைத் தூக்கி, "ரொம்ப நல்லா இருக்குதும்மா" என்றார்.

இத்தனை வருஷம் சமைத்துப் போட்டு நீ அந்த வார்த்தையைக் கேட்டதில்லை. என்னிடம் வந்து சேர்ந்துவிட்டது. நான் கரண்டியோடு நின்றேன். அதை வாங்கிக்கொள்ளவும் முடியவில்லை, உன்னிடம் கொண்டுவந்து கொடுக்கவும் வழியில்லை.

உன்
கலா